மழிக்காத மூன்று நாள்கள்

எலக்ட்ரோலிசிஸ் முறையில் முகமுடியை நீக்கிக்கொள்ளச் செல்பவருக்குத் தரப்படும் முன்குறிப்பு பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: இரண்டு மூன்று நாள்கள் மழிக்காமல் வரவும். மருத்துவ நோக்கில் இது எளிய குறிப்பு. ஆனால் அந்த நாள்களில் வகுப்பெடுக்கவோ, கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கவோ, விடுதி உணவுக்கூடத்தில் வரிசையில் நிற்கவோ வேண்டியிருக்கும் திருநங்கைக்கு அது எளியதன்று. ஊசியின் வலி பேசப்படும் அளவுக்கு இந்தக் காத்திருப்பின் வலி பேசப்படுவதில்லை.

குறிப்புக்குக் காரணம் உண்டு. மெல்லிய ஊசியொன்று மயிர்க்காலினுள் செலுத்தப்பட்டு, அதன் வழியே மின்சாரம் பாய்ச்சப்படுகிறது. நேர்மின்னோட்டம் எனில், அங்குள்ள உப்பும் நீரும் வினைபுரிந்து சோடியம் ஹைட்ராக்சைடு உருவாகிறது. பள்ளி வேதியியலில் படித்த அதே மின்னாற்பகுப்புதான். உயர் அதிர்வெண் மின்னோட்டம் எனில், வெப்பமே முடியை வளர்க்கும் திசுவை அழிக்கிறது. இரண்டையும் இணைத்த முறையும் உண்டு. எம்முறையாயினும் வளர்நிலையில் உள்ள முடியிடமே முழுப்பயன் கிடைக்கும். மழித்த இரண்டு மூன்று நாள்களில் தலைகாட்டுபவை அத்தகைய முடிகளே. இடுக்கியால் பற்றவும் அந்நீளம் தேவை.

ஆகவே மழிப்பது கேடன்று. வேரோடு பிடுங்குவதே கேடு. த்ரெட்டிங்கும் வாக்சிங்கும் ஊசி பற்றிச் செல்ல வேண்டிய முடியையே அகற்றிவிடுகின்றன. இந்தியப் பெண்கள் பலர் செய்வது இதற்கு நேர்மாறானது. மழித்தால் முடி தடித்து வளரும் என்ற அடிப்படையற்ற அச்சத்தால், பிசிஓஎஸ் உள்ள பெண்கள் உட்படப் பலரும் சவரக் கத்தியைத் தவிர்த்து நூலையே நாடுகின்றனர். சிகிச்சைக் காலத்தில் இடைப்பட்ட நாள்களில் மழிக்கலாம் என்ற ஒரு தகவல் அவர்களின் சங்கடத்தைப் பெருமளவு குறைக்கும். அதைச் சொல்வது சிகிச்சை அளிப்பவரின் கடமை.

'நிரந்தரம்' என்ற சொல்லுக்கும் விளக்கம் தேவை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் லேசருக்கு ஏற்பது 'நிரந்தரக் குறைப்பு' என்பதை மட்டுமே. 'நிரந்தர நீக்கம்' எலக்ட்ரோலிசிஸுக்கே உரியது. லேசர் முடியின் நிறமியை நாடுவதால் நரைமுடியிடம் தோற்கும். ஊசிக்கு நிறம் பொருட்டன்று. எனினும் ஒவ்வொரு முடியாகச் செய்யப்படுவதால், முகம் முழுமைக்கும் ஓராண்டோ அதற்கு மேலோ பல அமர்வுகள் தேவைப்படலாம். அழிந்த மயிர்க்கால் மீளாவிட்டாலும், ஹார்மோன் சமநிலையின்மை தொடர்ந்தால் வேறு மயிர்க்கால்கள் விழித்தெழக்கூடும். இவற்றை முதல் சந்திப்பிலேயே கூறாமல் பெறப்படும் ஒப்புதல் முழுமையானதாகாது.

செல்பவர் கேட்க வேண்டியவையும் சில. ஊசி ஒருவருக்கே பயன்படுத்தப்படுவதா? முதலில் சிறு பகுதியில் சோதித்துப் பார்க்கப்படுமா? உணர்விழப்புக் களிம்பை எவ்வளவு நேரம் முன்பு பூச வேண்டும்? பேஸ்மேக்கர் பொருத்தியிருப்பவர் அதை முதலிலேயே கூற வேண்டும். சரியாகச் செய்யப்பட்ட முடி வழுக்கிக்கொண்டு வெளிவரும். பிடுங்கும் உணர்வு தொடர்ந்தால் உடனே சொல்லலாம். பின்னர் தோன்றும் சிவப்பும் வீக்கமும் இயல்பானவை. சிறு பொருக்குகளைக் கிள்ளலாகாது, வெயிலையும் தவிர்க்க வேண்டும்.

இவையெல்லாம் அழகு சார்ந்த தனிவிருப்பம், இதில் பல்கலைக்கழகத்துக்கு என்ன பங்கு என்ற கேள்வி எழலாம். 1875இல் செயின்ட் லூயிஸ் நகரக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல் இம்முறையை வெளியிட்டது, உள்நோக்கி வளர்ந்து கண்ணை உறுத்தும் இமைமுடியை நீக்குவதற்காகவே. இதன் தோற்றுவாய் மருத்துவமே. பாலின உறுதிப்பாட்டு அறுவை சிகிச்சைகள் சிலவற்றுக்கும் முடிநீக்கம் முன்தேவையாக உள்ளது. திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 2019 காப்பீட்டுக்கு உரியவற்றுள் லேசர் சிகிச்சையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. எலக்ட்ரோலிசிஸின் பெயர் அதில் இல்லை. 'பிற உடல்நலச் சிக்கல்கள்' என்ற தொடருக்குள் அதை அடக்குவது நிறுவனங்களின் மனத்தைப் பொறுத்தது.

பெரிய செலவின்றிச் செய்யக்கூடியவையும் உள்ளன. சிகிச்சையை ஒட்டிய நாள்களில் காரணம் துருவாத விடுப்பு, முகக்கவசத்துடன் வகுப்பெடுக்க இசைவு, வாய்மொழித் தேர்வின் நாளை மாற்றக் கோரும் உரிமை ஆகியவை போதும். ஓராண்டுக்கு மேல் நீளும் சிகிச்சையில் இந்த மூன்று நாள்கள் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் ஒரு மாணவி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வகுப்பை இழக்க வேண்டியதில்லை.