மே/பா செல்போன் கடை

பதிவு கொஞ்சம் நீளம்தான். டீச்சர் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார் என்று பாதியில் ஓடிவிடாதீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் ஸ்ரீவைகுண்டம் பக்கம் என் மதினியைப் பார்க்கப் போயிருந்தேன். கையில் புதுப் போன். பொங்கலுக்கு வந்த மகன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். வாங்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு புது மெயில் கணக்கு. மதினி பெயருக்குப் பின்னால் வாலாக ஏதோ நாலைந்து எண்கள்.

"இது யாரு போட்டது மதினி?"

"கடைக்காரப் பையன்தான். எல்லாம் அவனே போட்டுக் குடுத்துட்டான்."

"இதுக்கு முன்னால உள்ள மெயில் என்னாச்சு?"

"அதெல்லாம் எனக்கு என்ன தெரியும்? பழைய போனோட போயிருக்கும்."

எண்ணிப் பார்த்தேன். 2018-லிருந்து மூன்று போன், மூன்று மெயில் கணக்கு. ஒன்றுக்குக்கூட பாஸ்வேர்ட் தெரியாது. பிள்ளைகள் இரண்டு பேரும் கம்ப்யூட்டர் படித்தவர்கள். இரண்டு பேரும் என்னிடம் படித்தவர்களும்கூட. அதனால் இந்தக் கோபத்தில் ஒரு பங்கு என் மேலேயே எனக்கு உண்டு.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ புதுப் போன் வாங்கிக் கொடுத்தால், அதில் புதுக் கணக்கு தொடங்காதீர்கள். அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் கணக்கை அதில் சேருங்கள். பழையதில் இரண்டு மூன்று கிடந்தால் இரண்டு மூன்றையும் சேருங்கள். போன் தாங்கும்.

எங்கள் காலத்தில் தபாலில் 'மே/பா' என்று எழுதுவோம். இளையவர்களுக்குத் தெரியாது. மேற்பார்வை. தனி விலாசம் இல்லாதவர்களுக்கு, வீட்டில் ஆள் இல்லாதவர்களுக்கு, லெட்டர் வேறொருவர் பார்வையில் வரும். என் முதல் வேலை சேரன்மகாதேவி தாண்டி ஒரு ஆற்றங்கரைக் கிராமத்தில். எனக்கு லெட்டர் எல்லாம் மே/பா மளிகைக் கடைதான். நல்ல மனுஷர். ஆனால் என் வீட்டில் நடக்கும் விஷயம் எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கும். "அப்பாவுக்குக் காய்ச்சலாமே டீச்சர்" என்று கேட்டுக்கொண்டேதான் இன்லாண்டைக் கையில் கொடுப்பார். பசை ஒட்டியது சரியில்லையாம், தானாகவே திறந்துகொண்டதாம்.

இன்று நம் வீட்டுப் பெரியவர்கள் முக்கால்வாசிப் பேர் மே/பா செல்போன் கடை. கணக்கு இவர்கள் பெயரில், பாஸ்வேர்ட் கடைக்காரர் மனதில், கணக்கை மீட்கக் கொடுத்த நம்பரும் கடையினுடையது. மளிகைக் கடைக்காரரிடமாவது லெட்டர் கடைசியில் கைக்கு வந்து சேர்ந்தது.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்பீர்கள். என் அண்ணன் 2021 மே மாதம் கொரோனாவில் போனது உறவுகளுக்குத் தெரியும். கடைசிப் பத்து நாள் ஆஸ்பத்திரியிலிருந்து மதினிக்கு வாட்ஸாப்பில் குரல் பதிவுகளாக அனுப்பிக்கொண்டிருந்தார். பேச மூச்சு இல்லாததால் சின்னச் சின்னதாக. 'பால்காரனுக்குக் காசு குடு', 'வாழைக்குத் தண்ணி விட்டாச்சா' என்று. அதெல்லாம் மதினியின் 2018 போனில் இருந்தது.

2023 டிசம்பர் 17, 18 உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் ஆறு. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக் கிடந்தார்கள். அந்த இரவில் மதினி வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மாடிக்கு ஓடியபோது கையில் எடுத்தது ரேஷன் கார்டு, பத்திரம், அண்ணன் போட்டோ. போன் கட்டிலில் கிடந்தது. வெள்ளம் வடிந்தபின் சேற்றோடு சேற்றாகக் கிடைத்தது.

போன் போனால் என்ன, அதே நம்பரில் சிம் வாங்கியாயிற்று. கடைப் பையன் புதுப் போனில் புதுக் கணக்கு போட்டு வாட்ஸாப்பைத் திறந்தான். உள்ளே ஒன்றுமே இல்லை. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸாப் பேக்கப் போய் உட்காருவது கூகுள் கணக்கில். நம்பரும் அதே நம்பராக இருக்கணும், கணக்கும் அதே கணக்காக இருக்கணும். நம்பர் இருந்தது. கணக்கு வேறு. பழைய கணக்கைத் திறக்கப் பார்த்தால், மீட்பு நம்பருக்கு கோட் அனுப்புகிறோம் என்று கூகுள் சொல்கிறது. அந்த நம்பர் 2018-ல் கணக்கு தொடங்கிய கடைக்காரருடையது. அந்தக் கடை கொரோனாவிலேயே மூடியாகிவிட்டது.

அண்ணன் குரலை ஆறு கொண்டுபோய்விட்டது என்று மதினி இன்றும் சொல்கிறார். ஆற்றின் மேல் பழி போடாதீர்கள் மதினி என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆறு கொண்டுபோனது ஒரு போனை. குரலுக்கு வழியை அடைத்தது நாம்.

பையன் கெட்டவன் இல்லை. கூகுளில் நுழையும் திரையைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? மேலே ஒரு கட்டம், உங்கள் மெயில் முகவரியைப் போடு என்று. கீழே ஓரத்தில் சின்னதாக 'கிரியேட் அக்கவுன்ட்'. மேலே போனால் பாஸ்வேர்ட் கேட்கும். இந்த அம்மாவுக்குத் தெரியாது, வாசலில் இன்னும் நாலு பேர் நிற்கிறார்கள், அவன் விரல் கீழே போய்விடுகிறது. அவனுக்குப் பத்து நிமிஷம் மிச்சம். பக்கத்தில் நின்றுகொண்டு இன்ஸ்டாகிராம் பார்த்துக்கொண்டிருந்த மகனுக்குமா அவசரம்?

அடுத்து வெளியூர்ப் பிள்ளைகளிடம் வருகிறேன். துபாய், சிங்கப்பூர், பெங்களூர் என்று எங்கிருந்தாலும் இது உங்களுக்குத்தான். 'அம்மாவுக்கு எதுக்கு மெயில், நான் என் போனில் போட்டுப் பார்த்துக்கிறேன்' என்று சொல்கிறீர்கள். அன்பாகத்தான் சொல்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கணக்கை இன்னொரு போனில் சேர்ப்பது கடிதப் பெட்டியை மட்டும் திறந்து வைப்பது ஆகாது. தொடர்பு எண்கள், காலண்டர், எடுத்த போட்டோக்கள் எல்லாம் அந்தக் கயிற்றில் தொங்குகின்றன. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மகன் அப்படித்தான் சேர்த்திருந்தான். பிறகு அந்தப் போனை மச்சினனுக்குக் கொடுத்துவிட்டான், கணக்கை எடுக்காமலே. அத்தையம்மா கோயிலில் எடுத்த போட்டோ, டாக்டரிடம் காட்ட எடுத்த கால் புண் போட்டோ எல்லாம் மச்சினன் போனில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கல்யாண வீட்டில் அவன் விளையாட்டாகச் சொன்னபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த அம்மா அதற்குப் பிறகு போனில் படமே எடுப்பதில்லை.

அம்மா கணக்கை உங்கள் போனில் சேர்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. அவசரத்துக்கு வேண்டியிருக்கலாம். கேட்டுவிட்டுச் சேருங்கள். அவர் போனிலும் அது இருக்கட்டும். போனைக் கைமாற்றும் முன் எடுத்துவிடுங்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் 'உங்கள் சாதனங்கள்' என்று ஓர் இடம் உண்டு. எந்தெந்தப் போனில் கணக்கு திறந்திருக்கிறது என்று அது காட்டும். அதை ஒருமுறை அம்மாவுக்குக் காட்டிக் கொடுங்கள். யார் வீட்டுச் சாவி யாரிடம் என்று அவருக்கும் தெரியட்டும்.

'வயசானவங்களுக்கு பாஸ்வேர்ட் நினைவிருக்காது டீச்சர்' என்பது நீங்கள் எப்போதும் சொல்லும் பதில். எங்கள் தலைமுறைக்கு பால் கணக்கு, வட்டிக் கணக்கு, யார் கல்யாணத்துக்கு யார் எவ்வளவு மொய் செய்தார்கள் என்பதெல்லாம் நாற்பது வருஷத்துக்கு நினைவிருக்கிறது. ஒரு பாஸ்வேர்ட் நிற்காதா? நிற்காவிட்டால் மொய் நோட்டு மாதிரி ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைக்கலாம். எழுதி வைப்பது தப்பு என்று கம்ப்யூட்டர் படித்தவர்கள் மூக்கைச் சுளிப்பீர்கள். பீரோவில் இருப்பதை வெளிநாட்டுத் திருடன் வந்து எடுக்கப் போவதில்லை. கடைக்காரருக்குத் தெரிந்து, சொந்தக்காரருக்குத் தெரியாமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

நான் மட்டும் யோக்கியமா என்று கேட்டால், இல்லை. தலைமையாசிரியையாக இருந்தபோது பள்ளிக்கூட மெயிலை என் சொந்தப் போனில் சேர்த்து வைத்திருந்தேன். பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தேன். 2019-ல் ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகும் எட்டு மாதம் பள்ளிக்கூடத்துக்கு வரும் சுற்றறிக்கை எல்லாம் என் போனில் மணியடித்துக்கொண்டே இருந்தது. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். இன்னும் நான்தான் ஹெச்.எம். என்ற மாதிரி ஒரு நினைப்பு. பிறகு ஒருநாள் வெட்கப்பட்டுக் கணக்கை என் போனிலிருந்து எடுத்தேன். எடுத்ததும் பாதி தொடர்பு எண்களைக் காணோம்! என் சொந்தச் சித்தி மகள் நம்பர்கூடப் போய்விட்டது. பதறிப்போனேன்.

என்னிடம் அஞ்சாம் வகுப்பு படித்த ஒரு பெண்தான் வந்து விளக்கினாள். ஒரு போனில் இரண்டு கணக்கு இருந்தால், நாம் புதிதாகச் சேமிக்கும் நம்பர் இரண்டில் ஒன்றுக்குள்தான் போய் உட்காருமாம். நான் கவனிக்காமல் இத்தனை வருஷமாகப் பள்ளிக்கூடக் கணக்குக்குள் சேமித்து வந்திருக்கிறேன். 'நம்பர் அழியல டீச்சர், அந்தக் கணக்கோட சேர்ந்து போயிருக்கு' என்றாள். மறுபடி அதைச் சேர்த்து, என் நம்பர்களை என் கணக்குக்கு மாற்றி, பிறகு புது ஹெச்.எம்.மிடம் போய் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிவிட்டு வந்தேன். போனிலிருந்து கணக்கை எடுப்பது வேறு, கணக்கையே அழிப்பது வேறு என்று அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. முன்னது பையைத் தோளிலிருந்து இறக்கி வைப்பது மாதிரி. பை எங்கேயும் போகாது. பலர் இந்தப் பயத்தில்தான் எதையும் தொடாமல் இருக்கிறார்கள்.

இப்போது என் போனில் மூன்று கணக்கு இருக்கிறது. ஓய்வூதியம், பேங்க், ஆதார் எல்லாவற்றுக்கும் ஒன்று. குடும்பப் போட்டோவுக்கு ஒன்று. கண்ட கடையிலும் கேட்டால் கொடுக்க ஒன்று. துணிக்கடை விளம்பரமெல்லாம் அந்த மூன்றாவதில் போய் விழட்டும். கூகுள் ஒரு கணக்குக்கு 15 ஜிபி இடம்தான் இலவசமாகத் தருகிறது. 2021 ஜூன் முதல் போட்டோவும் அந்தக் கணக்கில் சேர்கிறது. பேரப்பிள்ளை வீடியோவால் இடம் நிரம்பிவிட்டால் பேங்க் மெயில் உள்ளே வராது. பிரித்து வைக்க இது ஒன்றே போதும்.

சேர்ப்பது ஒன்றும் வித்தை இல்லை. ஜிமெயிலைத் திறந்தால் வலது மேல் மூலையில் வட்டமாக உங்கள் படமோ எழுத்தோ இருக்கும். அதைத் தொட்டால் 'ஆட் அனதர் அக்கவுன்ட்' என்று வரும். கூகுளா, யாகூவா, அவுட்லுக்கா என்று கேட்கும். பழைய முகவரி, பாஸ்வேர்ட். அவ்வளவுதான். பிறகு மறக்காமல் மீட்பு நம்பரைப் பாருங்கள். அது அவர்கள் கையில் இருக்கும் நம்பர்தானா? ரீசார்ஜ் செய்யாமல் போட்டுவைத்த பழைய சிம் நம்பராக இருந்தால், அது மூடப்பட்டு 90 நாள் கழிந்தபின் வேறு யாருக்காவது போய்விடலாம். கோட் அவர்களுக்குப் போகும்.

இன்னொன்று. இரண்டு ஆண்டு தொடாமல் கிடக்கும் கணக்கை நீக்கலாம் என்று கூகுள் 2023-ல் விதி கொண்டுவந்தது. நீக்கத் தொடங்கியது அதே 2023 டிசம்பரில், நம் ஊரில் வெள்ளம் வந்த அதே மாதம். மதினியின் முதல் கணக்குக்குப் போன டிசம்பரோடு இரண்டு ஆண்டு முடிந்துவிட்டது. நீக்கிவிட்டார்களா, இன்னும் விட்டுவைத்திருக்கிறார்களா தெரியாது. போன வாரம் நான் முயன்றபோது அந்த முகவரியைத் தெரியாது என்று அது சொல்லவில்லை. கோட் அனுப்பட்டுமா என்றுதான் கேட்டது. நம்பரின் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் காட்டியது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். அம்மா அப்பாவைப் போனோடு அழைத்து வாருங்கள். நீங்களும் கூட வாருங்கள், தனியாக அனுப்பிவிடாதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு கொண்டு வந்தால் போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2018 வாக்கில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் செல்போன் கடை வைத்திருந்து கொரோனாவில் மூடிய தம்பியை உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால், கமென்ட்டில் பெயர் போட வேண்டாம், எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்தப் பழைய நம்பர் இன்னும் அவரிடம் இருந்தால், ஒரு சாயங்காலம் மதினி வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, வருகிற கோடை எங்களுக்கு வாசித்துச் சொல்லவேண்டும். காபி போட்டுத் தருகிறோம்.