மேலே ஸ்பீக்கர் இருக்கு... கீழே என்ன வாங்கலாம்?

ஓசூர்ப் பக்கம் கைமாறுகிற சில வீடுகளில் ஹால் கூரையை நிமிர்ந்து பார்த்தால், விளக்குகளுக்கு நடுவே வெள்ளை வலை போட்ட வட்ட மூடிகள் தெரியும். அவை விளக்கு இல்லை, ஸ்பீக்கர்கள். முன்பு இருந்தவர்கள் ஆசையாக ஃபால்ஸ் சீலிங்குக்குள் பதித்திருப்பார்கள். காலி செய்யும்போது ஆம்ப்ளிஃபயரை மட்டும் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். கெலவரப்பள்ளியில் நாங்கள் வாங்கிய வீட்டிலும் இதே கதைதான். கூரையில் நான்கு ஸ்பீக்கர், டி.வி. சுவரில் எட்டு ஒயர் முனைகள்.

"அதை விட்டுட்டுப் புது ஹோம் தியேட்டர் செட்டே வாங்கிடலாம்மா" என்றான் பையன். "ஒண்ணும் வேணாம், இருக்கிற டி.வி. சத்தமே போதும்" என்றார் இவர். என் கையில் இருந்ததோ ஏலச்சீட்டு எடுத்த 30,000 ரூபாய். கூரையில் பொருள் சும்மா கிடக்க, அதே பொருளுக்கு மறுபடியும் காசு கொடுக்க எந்த இல்லத்தரசிக்கு மனசு வரும்? நாலு பேரிடம் விசாரித்து, கடைகளில் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் உயிர் இருக்கிறதா பாருங்கள்

ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பென்சில் பேட்டரி போதும். எதிலும் இணைக்காத ஒரு ஜோடி ஒயரின் முனைகளை 1.5 வோல்ட் பேட்டரியின் இரு பக்கமும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். மேலே 'டப்' என்று சத்தம் வந்தால் உயிர் இருக்கிறது. எந்த ஒயர் எந்த மூலைக்குப் போகிறது என்பதும் தெரிந்துவிடும். உடனே ஒரு துண்டு காகிதத்தில் எழுதி அந்த ஒயரில் ஒட்டிவிடுங்கள். அது ஸ்பீக்கர் ஒயர்தான், கரண்டு ஒயர் இல்லை என்று எலெக்ட்ரீஷியன் பார்த்துச் சொன்ன பிறகே தொட வேண்டும்.

அடுத்து 'ஓம்' கணக்கு. வீட்டு ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4, 6 அல்லது 8 ஓம். மூடியைக் கழற்றினால் உள்ளே எழுதியிருக்கும். எலெக்ட்ரீஷியனின் மீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6 என்று காட்டும். பல பத்து, சில நூறு என்று காட்டினால் அது கடைகளிலும் மண்டபங்களிலும் அறிவிப்புக்கு மாட்டும் 100 வோல்ட் வகையாக இருக்கலாம். வீட்டு ஆம்ப்ளிஃபயர் அதற்குப் பொருந்தாது.

இன்னொன்று. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை ஒரே இடத்தில் பக்கவாட்டாகச் சேர்த்தால் ஆம்ப்ளிஃபயருக்கு அது 4 ஓம் ஆகிவிடும். மாவு அரைக்கிற கிரைண்டரில் இரண்டு மடங்கு அரிசியைப் போடுவது போலத்தான். '6 ஓமுக்குக் குறையக் கூடாது' என்று பின்பக்கம் எழுதியிருக்கும் ஆம்ப்ளிஃபயர் சூடாகி நின்றுவிடும். ஆகவே ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு இணைப்பு என்பதே பாதுகாப்பு.

எந்தப் பெட்டி?

கடையில் மூன்று விதம் காட்டுவார்கள். முதலாவது சவுண்ட்பார். பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் வெளி ஸ்பீக்கரை இணைக்க அநேகமாக அதில் இடமே இருக்காது. இரண்டாவது, எல்லாம் ஒரே அட்டைப் பெட்டியில் வரும் செட். அதன் பிளக்குகள் அதன் ஸ்பீக்கருக்கு மட்டுமே பொருந்துகிற மாதிரி இருக்கும். மூன்றாவது ஏ.வி. ரிசீவர். யமஹா, டெனான், சோனி, ஓன்கியோ போன்ற கம்பெனிகள் செய்தவை. பின்பக்கம் சிவப்பு, கறுப்பு திருகுகள் வரிசையாக இருக்கும். எந்த ஸ்பீக்கர் ஒயரையும் மாட்டலாம். நம் கூரைக்கு ஏற்றது இதுதான். பாட்டு மட்டும் போதும், கூரையில் இரண்டே ஸ்பீக்கர் என்றால், சாதாரண ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரே போதும், செலவும் குறைவு. எதுவானாலும் டி.வி.யில் 'ஏ.ஆர்.சி.' என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால், பெட்டியிலும் அதே துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒயரில் காரியம் முடியும்.

அட்டையில் '5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் மயங்காதீர்கள். அது கண் இமைக்கும் நேரக் கணக்கு. 'ஆர்.எம்.எஸ்.' என்று எழுதிய வாட்ஸ்தான் நிஜம். பின்பக்கச் சீட்டில் மின்செலவு 60 வாட் என்று இருந்தால், அது தொடர்ந்து 1000 வாட் எப்படிக் கொடுக்கும்? உழக்கு அரிசியில் அண்டாச் சோறு வடிக்க முடியுமா?

அசரீரி வேண்டாம்

இனிதான் முக்கியமான விஷயம். வாங்குவதற்கு முன்பு ஒருவரின் பழைய ஆம்ப்ளிஃபயரை இரவல் வாங்கி, கூரையில் முன்பக்கம் இருந்த இரண்டு ஸ்பீக்கர்களில் சீரியல் சத்தம் வரும்படி வைத்துப் பார்த்தோம். என் மாமியாருக்கு 74 வயது. கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் பார்ப்பவர். "என்னம்மா இது, ஆளு எதிர்ல, பேச்சு மேல! அசரீரி மாதிரி இருக்கே, ஒண்ணும் புரியலை" என்றார். அதைவிடப் பொருத்தமாக யாரும் சொல்ல முடியாது.

வயதானவர்களுக்குக் காது மந்தமாகும்போது கூர்மையான ஒலிகள்தான் முதலில் குறையும். 'ச', 'ஸ' போன்ற எழுத்துகள் தேய்ந்து, பேசுவது கேட்கும். என்ன பேசுகிறார்கள் என்று புரியாது. சத்தத்தைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடும். பேச்சு, முகம் இருக்கிற திசையிலிருந்தே தெளிவாக வர வேண்டும். அதனால் டி.வி.க்குக் கீழே ஒரு சென்டர் ஸ்பீக்கர்தான் முதல் செலவு. கூரை ஸ்பீக்கர்களில் சோபாவுக்கு மேலே உள்ள இரண்டை, சுற்றுப்புற ஒலிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

'அப்படியானால் அட்மாஸ்?' என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் கேட்பார்கள். தலைக்கு மேலேயும் ஒலி வரும் இந்த டால்பி அட்மாஸ் முறை 2012-ல் தியேட்டர்களுக்கு வந்தது; 'சிவாஜி' படத்தை 3டி-யாக மாற்றி வெளியிட்டபோது அதில் சேர்த்தார்கள். 2014-ல் வீட்டுக் கருவிகளுக்கும் வந்தது. கூரை ஸ்பீக்கர் அதற்குக் கச்சிதம்தான். ஆனால் பெரும்பாலும் 7 சேனல் ரிசீவர் தேவை, விலை கூடுதல். கூரை எங்கும் ஓடிவிடாது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

30,000 போன வழி

ஒரு வருடம் ஓடிய 5.1 ரிசீவர், கடை பில்லோடு 14,000. புது சென்டர் ஸ்பீக்கர் 9,000. முன்பக்கத்துக்குப் பழைய ஜோடி 5,000. ஒயர், எச்.டி.எம்.ஐ. 1,500. ஆக 29,500. அதிர்கிற 'தம் தம்' சத்தத்துக்கான சப்வூஃபர் அடுத்த சீட்டுக்கு. மீதியிருந்த இரண்டு கூரை ஒயர்களுக்கு இன்சுலேஷன் டேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்டோம்.

பெங்களூர் எஸ்.பி. ரோடு நமக்குப் பக்கம்தான். எங்கே வாங்கினாலும் கடையிலேயே எல்லாச் சேனலையும் ஓடவிட்டுக் கேளுங்கள், பில் வாங்குங்கள். கர்நாடகத்தில் வாங்கியதற்கு எங்கே போய் முறையிடுவது என்று தயங்க வேண்டாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கிருஷ்ணகிரியிலேயே, வழக்குப் போடலாம். ஆலோசனைக்கு 1915 என்ற எண் இருக்கிறது.

காதும் அக்கம்பக்கமும்

ரிசீவரோடு வரும் சின்ன மைக்கை உட்காருமிடத்தில் காது உயரத்தில் வைத்தால், அதுவே ஒலியைச் சரிசெய்துகொள்ளும். பிறகு சென்டர் சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி, மொத்தச் சத்தத்தைக் குறையுங்கள். பெட்டியின் மேல் பூவேலை செய்த துணி போட்டு மூடாதீர்கள். சூடு வெளியேற இடம் வேண்டும்.

பாட்டுக் கருவிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பத்திர அளவு, பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி. குழந்தைகளுக்கு 75 டெசிபல்தான். மூன்று டெசிபல் கூடினால் கேட்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டில் ஸ்பீக்கருக்கு நேர் கீழே தொட்டில் கட்டாதீர்கள். எவ்வளவு தெளிவாக வைத்தும் பெரியவர்களுக்குப் பேச்சு புரியவில்லையென்றால் காது டாக்டரிடம் காட்டுவதே முறை.

கூரை ஸ்பீக்கருக்குப் பின்னால் பெட்டி வைத்து மூடாவிட்டால் சத்தத்தில் ஒரு பங்கு மாடி வீட்டுக்குப் போகும். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. நம் ஊரில் சிப்காட் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறவர்கள் எத்தனை பேர்! சட்டத்துக்குப் பகல் எதுவோ, அவர்களுக்கு அதுதான் இரவு. மாடி வீட்டு அம்மாவிடம் ஒரு வார்த்தை, "உங்க வீட்டுக்காரர் எப்போ தூங்குவார்?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சீட்டுப் பணம் தேவையில்லை.