கலைந்த குழுவுக்கும் பதிவேடு வேண்டும்

மாணவர்களே, பிரெண்ட்ஸ்டர் என்ற பெயரைக் கேட்டிருக்கிறீர்களா? முகநூலுக்கு முன்பு மலேசிய இளையோர் கூடிய சமூகத் தளம் அது. 2009இல் நம் நாட்டின் எம்ஓஎல் நிறுவனம் அதை வாங்கியது. 2011இல் பழைய படங்கள், வலைப்பதிவுகள், குழுக்கள் எல்லாம் அழிக்கப்பட்டன. ஆர்க்கைவ் டீம் தன்னார்வலர்களால் ஒரு பகுதியை மட்டுமே காப்பாற்ற முடிந்தது.

இணையத்தில் போட்டது அழியாது என்று நம்பாதீர்கள். தரவு இருப்பது யாரோ ஒருவரின் சர்வரில். அதை நிறுத்தினால் தரவும் போய்விடும்.

எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் செராஸில் உங்கள் அறிவியல் கழகப் புலனக் குழுவும் கலையலாம். சொந்தப் பேச்சு மறைந்து போகட்டும். செய்த சோதனைகளும் கண்ட முடிவுகளும் மறையக்கூடாது. தொலைபேசி எண்களை நீக்கி, எல்லாருடைய சம்மதத்தோடு, அவற்றை இரண்டு இடங்களில் சேமியுங்கள். அடுத்து வரும் தம்பி தங்கைகள் அங்கிருந்து தொடரட்டும்.