எடைக்குள் மறைந்த எண்

ஒரு படி நெல்லும் ஒரு படி எள்ளும் முகத்தலளவால் ஒன்றே, எண்ணால் ஒன்றாகுமா? ஆகா என்பதை நம் முன்னோர் அறிந்ததோடு நில்லாமல், எத்துணை வேறுபடும் என்பதையும் எண்ணி வைத்தனர். பழைய முகத்தலளவை வாய்பாட்டில் படிக்கு நெல் 14,400 என்றும், மிளகு 12,800 என்றும், எள் 1,15,200 என்றும் காண்கிறோம். நெல்லுக்கு நெல் பருமன் வேறுபடுமே என்று இன்று நாம் குறுக்கே வினவலாம், அது கிடக்க. எண்ணி மாளாத சிறுமணிகளை அளந்தே எண்ணிவிடலாம் என்னும் அறிவு அவ்வாய்பாட்டிற் பொதிந்துள்ளது.

அதனைச் சற்றே திருப்பிப் பிடிப்போம். அளவு எதுவாயினும் ஆகுக. எண் மட்டும் ஒன்றாயிருத்தல் வேண்டும் என வைத்துக்கொள்வோம். 14,400 மணிகளை ஒரு குவை என்போமானால், ஒரு குவை நெல் ஒரு படி. ஒரு குவை எள் அரைக்காற்படி. ஒரு குவை மிளகு ஒரு படியும் அரைக்காற்படியும். அளவு மூன்றும் வேறு. மணிகளின் எண் ஒன்று. எள்ளையும் மிளகையும் ஒன்றுக்கொன்றாய் இணைகூட்ட வேண்டியவன் மணிமணியாய் எண்ணிக்கொண்டு அமரான். அரைக்காற்படி எள்ளை ஒருபுறமும், ஒரு படியும் அரைக்காற்படியுமாகிய மிளகை மறுபுறமும் அளந்து கொட்டிவிட்டு எழுந்துபோவான்.

வேதியியல் வகுப்பில் நம் பிள்ளைகளை அச்சுறுத்தும் மோல் கணக்கு முழுவதும் இவ்வளவே. மணிக்கு மாற்றாக அணுவோ மூலக்கூறோ. படிக்கு மாற்றாக நிறைகோல். 14,400 என்பதற்கு மாற்றாக 6.02214076 × 10²³ என்னும் பேரெண். நம் கோடிக் கணக்கிற் சொன்னால் ஏறத்தாழ 602 கோடி கோடி கோடி. அத்துணைக் கரிம அணுக்களைச் சேர்த்து நிறுத்தால் 12 கிராம். அத்துணை நீர் மூலக்கூறுகள் 18 கிராம். அத்துணைக் கரியமிலவளி மூலக்கூறுகள் 44 கிராம். எடை வேறு, எண் ஒன்று. எள்ளும் மிளகும் கற்பித்த பாடத்தில் இதற்குமேல் புதிதாக ஒன்றுமில்லை.

ஆயினும் பிள்ளைகள் ஏன் இடறுகின்றனர்?

அண்மையில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் ஒரு கணக்குக் கொடுத்தேன். நீரகம் 10 கிராம், உயிரகம் 10 கிராம். இரண்டையும் சேர்த்து எரித்தால் எவ்வளவு நீர் கிடைக்கும், எது எஞ்சும்? அவள் நன்றாகப் படிப்பவள். நிறையை மூலக்கூற்று நிறையால் வகுத்தால் மோல் வரும் என்னும் வாய்பாட்டை உறக்கத்திலும் சொல்வாள். ஆனால் வாய்பாட்டை நாடாமல் சமன்பாட்டை நோக்கினாள். இரண்டு பங்கு நீரகத்துக்கு ஒரு பங்கு உயிரகம் என்று அதில் இருக்கிறது. ஆகவே 10 கிராம் நீரகத்துக்கு 5 கிராம் உயிரகம் போதும், நீர் 15 கிராம், எஞ்சுவது 5 கிராம் உயிரகம் என்று எழுதித் தந்தாள்.

முற்றிலும் தலைகீழ். 10 கிராம் நீரகம் 5 மோல். 10 கிராம் உயிரகமோ ஒரு மோலில் மூன்றிலொன்றுக்கும் குறைவு, 0.3125 மோல். அதற்கு வேண்டிய நீரகம் அதைப்போல் இருமடங்கு, 0.625 மோல், எடையாற் சொன்னால் ஒன்றேகாற் கிராமே. உயிரகம் முழுதும் தீர்ந்துபோகும். நீர் 11.25 கிராம் கிடைக்கும், 8.75 கிராம் நீரகம் எரியாமல் எஞ்சி நிற்கும். சமன்பாட்டில் உள்ள இரண்டும் ஒன்றும் தலைகளின் எண்ணிக்கை. அவள் அதனை எடை எனக் கொண்டாள். படிக்கணக்கில் இருந்த எள்ளையும் மிளகையும் ஒன்றுக்கொன்று என்று எண்ணியதற்கு ஒப்பான பிழை இது.

இப்பிழைக்கு அவளைக் கடிவதிற் பயனில்லை. அவள் கையில் கொடுக்கப்பட்ட சொல்லை நோக்குக. மோல் எனும் அலகால் அளக்கப்படுவதைப் 'பொருளின் அளவு' என்கின்றனர். பிறமொழித் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த தொடர் இது. தமிழில் 'அளவு' என்று வாளா சொன்னால் கேட்போன் உடனே 'எந்த அளவு?' என்பான். என்னை? எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவையை நால்வகைப்படுத்திப் பழகிய மொழி இது. எடுத்தலளவு நிறைகோலால் வருவது. முகத்தலளவு படியால் வருவது. நீட்டலளவு கோலால் வருவது. எண்ணலளவு தலைகளை எண்ணுவதால் வருவது. 'பொருளின் அளவு' இவற்றுள் எது என்று அத்தொடர் சொல்லவில்லை. சொல்லாதபோது, எதிரே நிறைகோலையும் கிராமையும் காணும் பிள்ளை எடையென்றே கொள்கிறது.

இக்குறை தமிழுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் நடுநிலையோடு சொல்லல் வேண்டும். எடுத்தெழுதப்பட்ட ஆங்கிலத் தொடரே தெளிவற்றது என்று அம்மொழி வழங்கும் வேதியியலாரே குறை கூறி வருகின்றனர். 'வேதியளவு' எனப் பொருள்படும் மாற்றுப்பெயர் ஒன்றும் அவர்களிடையே ஏற்கப்பட்டு வழங்குகிறது. மூலமே மங்கியிருக்க, அதன் நிழலைப் படியெடுத்து நம் பிள்ளைகளுக்குக் கொடுத்தது நம் பிழை.

'மோல்' என்னும் சொல்லின் வரலாறும் இம்மயக்கத்துக்குத் துணைநின்றது. 1890-களில் அச்சொல்லை வழங்கத் தொடங்கியவர் வில்லெம் ஓசுட்வால்டு என்னும் செருமானிய வேதியியலார். வியப்பு என்னவெனின், அணு என ஒன்று உண்மையில் உண்டு என்பதையே அவர் அந்நாளில் நம்பவில்லை. அணுவை நம்பாதவர் அணுக்களை எண்ணுவாரா? அவருக்கு மோல் என்பது மூலக்கூற்று நிறையைக் கிராமிற் குறிக்கும் ஓர் எடை மட்டுமே. எண்ணிலிருந்து பிறக்க வேண்டிய சொல் எடையிலிருந்து பிறந்தது. 1909-ஆம் ஆண்டளவில் அவரும் அணுவை ஏற்றுக்கொண்டார். அவ்வாண்டில்தான் பிரெஞ்சு அறிவியலார் சான் பெரன், அப்பேரெண்ணுக்கு அவகாட்ரோவின் பெயரைச் சூட்டினார்.

அவகாட்ரோவுக்கு அந்த எண் தெரியாது. 1811-இல் அவர் சொன்னது வேறு: ஒரே வெம்மையிலும் ஒரே அழுத்தத்திலும் உள்ள வளிகள் எவையாயினும், ஒத்த கொள்ளளவில் ஒத்த எண்ணிக்கை மூலக்கூறுகள் இருக்கும். எள்ளுக்கும் மிளகுக்கும் பொருந்தாதது வளிகளுக்குப் பொருந்துகிறது! வளியில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விட்டு நெடுந்தொலைவில் திரிவதால், அவற்றின் பருமன் கணக்கில் வருவதில்லை. இக்கருத்தை உலகம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு பொருட்படுத்தவில்லை. 1856-இல் அவர் மறைந்தார். அதன்பின் 1860-இல் கார்லிசுரூவே நகரில் கூடிய வேதியியலார் மாநாட்டில், அவர் நாட்டினரான கன்னிசாரோ அதனை மீண்டும் எடுத்துரைத்து நிலைநாட்ட முற்பட்டார். 1865-இல் லோசுமிட்டு என்பார் மூலக்கூறுகளின் பருமனை முதன்முதலாகக் கணித்தார். எண்ணுக்கு வழி திறந்தது.

1971-இல் மோல் பன்னாட்டு அலகுமுறையின் ஏழாம் அடிப்படை அலகாயிற்று. அப்போதும் எடையையே பற்றிக்கொண்டிருந்தது: 12 கிராம் கரிமம்-12 என்னும் ஓரகத்தில் எத்துணை அணுக்களோ அத்துணை என்பது விளக்கம். அத்துணை என்பது எத்துணை என்பதை ஆய்ந்தே காண வேண்டியிருந்தது. 2019 மே 20 முதல் அந்நிலை மாறிவிட்டது. இப்போது எண்ணே விளக்கம்; மேலே சொன்ன பேரெண் ஐயத்துக்கு இடமின்றி நிறுத்தப்பட்டது; 12 கிராம் என்பதுதான் இனி அளந்து காண வேண்டியது. எண்ணும் எடையும் இடம் மாறி அமர்ந்துவிட்டன. வகுப்பறையில் மட்டும் இன்னும் 12 கிராமிலிருந்தே தொடங்கிக்கொண்டிருப்போர் உளர்.

ஆதலின் 'பொருளின் அளவு' என்பதை விடுத்து 'எண்ணலளவு' என வழங்குக என்பது நம் கருத்து. இது நாம் புதிதாகப் படைத்த சொல்லன்று; நால்வகை அளவையுள் முதலாவதாக நிற்பது. வெறுமனே 'எண்' எனல் ஆகாதோ எனின், ஆகாது. அலகுமுறையார் இதனை வெற்றெண்ணாகக் கொள்ளாமல் தனியோர் அளவாகவே வைத்துள்ளனர். எண்ணலளவு என்பது இரண்டுக்கும் பொருந்தும். இனி மோல் என்பதற்குக் 'குவை' எனலாம். கேட்டவுடன் நகைப்போர் இருப்பர். செருமானியர் தம் சொல்லுக்கு மூலமாகக் கொண்ட இலத்தீனச் சொல்லுக்குப் பெருந்திரள், குவியல் என்பனவே பொருள். இலத்தீனத்தில் குவியல் என்றால் அறிவியல், தமிழிற் குவை என்றால் நகைப்பா? ஈழத்துப் பள்ளி நூல்கள் 'மூல்' என்றும் இங்குள்ளவை 'மோல்' என்றும் எழுதி, ஒரே மொழி பேசும் பிள்ளைகளை இரண்டு ஒலிப்பில் நிறுத்தியிருப்பதையும் எண்ணுக. அலகின் குறியீடு உலகுக்குப் பொதுவாக இருந்துவிட்டுப் போகட்டும். கருத்தின் பெயர் நமக்குப் புரிதல் வேண்டும்.

இது தேர்வறையோடு முடியும் செய்தியன்று. இங்கே மருத்துவமனையில் குருதிச் சருக்கரையை 100 மில்லி இலிட்டருக்கு இத்துணை மில்லிகிராம் என்று எழுதுகின்றனர், அது எடுத்தலளவு. இலண்டனில் வாழும் மகனுக்கு இலிட்டருக்கு இத்துணை மில்லிமோல் என்று எழுதித் தருகின்றனர், அது எண்ணலளவு. தந்தைக்கு 180, மகனுக்கு 10. தொலைப்பேசியில் ஒப்பிட்டுப் பார்த்து, மகனுக்கு ஒன்றுமில்லை என்று தந்தை மகிழ்ந்தால் அது கேடு, இரண்டும் ஒன்றே. குளுக்கோசின் மூலக்கூற்று நிறை 180 ஆதலின், மகனின் எண்ணை 18-ஆற் பெருக்கினால் தந்தையின் எண் வரும். உழவர்க்கும் இக்கணக்கு உண்டு. யூரியா ஒரு மோல் 60 கிராம். அம்மோனியம் சல்பேட்டு ஒரு மோல் 132 கிராம். இரண்டிலும் உள்ள நைட்ரசன் அணுக்களின் எண் ஒன்றே. எனவே பயிருக்கு 60 கிலோ தூய யூரியா தரும் நைட்ரசனை மற்றதிற் பெற 132 கிலோ வேண்டும். மூட்டையின் விலையை மட்டும் ஒப்பிடுவோர் ஏமாறுவர்.

அம்மாணவிக்கு எள், மிளகு, நெல் மூன்றையும் வைத்து விளக்கியபின், அதே கணக்கை மீண்டும் போடச் சொன்னேன். இம்முறை சமன்பாட்டைத் தொடுமுன் இரண்டு எடைகளையும் குவையாக மாற்றிக்கொண்டாள். விடை சரியாக வந்தது. சற்று நேரம் தாளையே பார்த்திருந்துவிட்டு, "ஐயா, ஒரு குவை உயிரகம் என்றால் அணுவையா எண்ணுகிறோம், மூலக்கூறையா? அணு என்றால் 16 கிராம், மூலக்கூறு என்றால் 32 கிராம் ஆகிவிடுகிறதே" என்றாள். எதை எண்ணுகிறோம் என்று சொல்லாமல் குவை என்பதற்கே பொருளில்லை, நீ எடுத்த 32 மூலக்கூற்றுக்கு உரியது என்றேன். "அப்படியானால் கறியுப்பு? அதில்தான் மூலக்கூறே இல்லையே?" என்றாள். சோடியமும் குளோரினுமாகிய இணையை ஒன்றாக வைத்து எண்ணு, 58.5 கிராம் வரும் என்றேன்.