பூமிக்குள் புதைத்தால் பொறுப்பு யாருக்கு?

கூடலூரைத் தாண்டினால், குமுளி மலை அடிவாரத்தில் லோயர் கேம்ப். ராட்சதக் குழாய்கள் வழியாக இறங்கும் பெரியாற்றுத் தண்ணீர், அங்கே மின்சார நிலையத்தின் சக்கரங்களைச் சுற்றிவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் போகிறது.

இந்தத் தண்ணீருக்கு ஒரு பத்திரம் உண்டு. 1886 அக்டோபர் 29-ந் தேதி திருவிதாங்கூர் மன்னரும் வெள்ளைக்கார சர்க்காரும் எழுதிக்கொண்ட குத்தகைப் பத்திரம் அது. நிலம் 8 ஆயிரம் ஏக்கர். ஏக்கருக்கு ஆண்டு வாடகை ரூ.5. கெடு 999 ஆண்டு!

அவ்வளவு நீண்ட காலத்துக்கு எழுதிய பத்திரத்தில் மின்சாரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. தண்ணீர் பாசனத்துக்கு மட்டுமே என்று 1941-ல் நடுவர் தீர்ப்புச் சொன்னார். 1970-ல் புது ஒப்பந்தம் எழுதி, வாடகையை ரூ.30 ஆக்கிய பிறகுதான் மின்சாரத்துக்கு முறையான அனுமதி கிடைத்தது. அணையின் பாதுகாப்பு பற்றிய வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 2006-லும் 2014-லும் தீர்ப்புகள் வந்தன.

இன்று அதைவிட நீண்ட பத்திரம் ஒன்றை உலகம் எழுதவேண்டி இருக்கிறது.

வாயுவுக்கு ஒரு கிடங்கு

அனல் மின்நிலையமும் சிமெண்டு ஆலையும் கக்கும் கரியமில வாயுவால் பூமி சூடேறுகிறது. அந்த வாயுவைப் புகைபோக்கியிலேயே பிடித்து, அழுத்தி, சுமார் 800 மீட்டருக்கும் கீழே நுண்துளைப் பாறைக்குள் செலுத்திப் பூட்டிவிடலாம் என்கிறார்கள் விஞ்ஞானிகள். நார்வே நாடு 1996-ல் கடலுக்கு அடியில் இந்த வேலையைத் தொடங்கியது.

தேனி மலைப் பாறை கெட்டியானது. அது கிடங்குக்கு ஆகாது. ஆனால் லோயர் கேம்ப் சொல்லும் பாடம் ஆகும்.

கசிந்தால் யார் கணக்கு?

ஆழத்தில் இருக்கும் அந்தப் பாறை யாருக்குச் சொந்தம்? மேலே உழுகிறவருக்கா, சர்க்காருக்கா? ஓர் இடத்தில் செலுத்திய வாயு, பாறைக்குள்ளேயே நகர்ந்து அடுத்த மாநிலத்துக்குப் போனால் என்ன செய்வது? கிணற்றுத் தண்ணீர் கெட்டால் நஷ்டஈடு யார் தருவது? கம்பெனி 30, 40 ஆண்டில் மூட்டை கட்டிவிடலாம். வாயுவோ ஆயிரம் ஆண்டுக்கு மேலும் அடங்கிக் கிடக்கவேண்டும்!

ஐரோப்பிய நாடுகள் 2009-ல் விதி செய்தன. கிடங்கை மூடிய பிறகும் பொதுவாகக் குறைந்தது 20 ஆண்டு கம்பெனியே காவல் இருக்கவேண்டும். வாயு அடங்கிவிட்டது என்று ருசுவான பின்புதான் சர்க்கார் பொறுப்பை ஏற்கும். அதற்குப் பிறகும் 30 ஆண்டுக் கண்காணிப்புச் செலவுக்காவது கம்பெனி பணம் கட்டவேண்டும்.

நம் நாட்டில் 2022-ல் நிதி ஆயோக் இதற்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டது. அது மட்டும் போதாது. துளை போடும் எந்திரம் வருவதற்கு முன்னால் தெளிவான சட்டம் வரவேண்டும். கம்பெனியிடம் முன்கூட்டியே காப்புத் தொகை வாங்கவேண்டும். மேலே குடியிருக்கும் மக்களுக்கு அவர்கள் மொழியில் விளக்கிச் சொல்லி, சம்மதம் கேட்கவேண்டும்.

1886-ல் விட்டுப்போன ஒரு விஷயத்தை 1970-ல்தான் எழுத முடிந்தது. அது தண்ணீர், கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத வாயுவுக்கு எழுதும் பத்திரத்தில் ஒரு வரிகூட விட்டுப்போகக் கூடாது.