"புதுசா ஆரம்பிக்க எது நல்லது?" என்று கேட்டால் நாம் சொல்ல வேண்டிய பதில்



பெட்டிக்கடை, ஃபேன்ஸி ஸ்டோர், செல்போன் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் நம்மவர்களிடம் இப்போது ஒரு புதுக் கேள்வி கேட்கப்படுகிறது. "அண்ணே, வேப் இருக்கா? புதுசா ஆரம்பிக்கிறவனுக்கு எது நல்லா இருக்கும்?" என்பதே அது. கேட்பவர் கல்லூரி மாணவராக இருக்கலாம். தேக்கடி பார்க்கப் போகும் வெளியூர்க்காரராக இருக்கலாம். முப்பது வருடம் சிகரெட் பிடித்துவிட்டு, இதையாவது பிடித்து அதை விடலாம் என்று நினைக்கும் நம் பழைய வாடிக்கையாளராகவும் இருக்கலாம். கேள்வி சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஆனால் "இருக்கு" என்று பதில் சொல்லும் வியாபாரி தன் கடையையும் குடும்பத்தையும் பணயம் வைக்கிறார். அதை விளக்கவே இக்கட்டுரை.

பொருள் என்ன?

மின் சிகரெட் என்பது புகையிலையை எரிப்பதல்ல. ஒரு சிறு பாட்டரி, ஒரு சூடேற்றும் கம்பிச் சுருள், கொஞ்சம் திரவம், இவ்வளவுதான். திரவத்தில் கிளிசரின், புரோபிலீன் கிளைக்கால், வாசனைப் பொருள், பெரும்பாலும் நிகோடின் ஆகியவை இருக்கும். கம்பி சூடேறியதும் திரவம் ஆவியாகிறது. அதை உள்ளிழுக்கிறார்கள். இன்று நாம் காணும் வடிவத்தை 2003-ல் சீனாவைச் சேர்ந்த மருந்தியல் வல்லுநர் ஹோன் லிக் உருவாக்கினார்.

இதை விற்க அனுமதி உள்ள நாடுகளில் புதியவருக்குக் கடைக்காரர் ஆலோசனை சொல்வார். ஒரு தடவை உபயோகித்துத் தூக்கி எறிவதா, குப்பியை மட்டும் மாற்றுவதா, திரவத்தை நாமே ஊற்றிக்கொள்வதா என்று முதலில் கேட்பார். பிறகு நாளைக்கு எத்தனை சிகரெட் என்று கேட்டு, அதற்கேற்ற நிகோடின் அளவைச் சொல்வார். அளவு குறைந்தால் புகைப்பவருக்குத் திருப்தி வராது, மறுபடியும் சிகரெட்டுக்கே போய்விடுவார். அளவு கூடினால் தலை சுற்றும், குமட்டும். ஆகவே புதியவருக்கு "நல்ல செட்" என்பது கருவியின் அழகில் இல்லை, திரவத்தின் அளவில்தான் இருக்கிறது. அந்த அளவை நம்புவதற்கு அரசாங்கத்தின் கட்டுப்பாடு வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் 1 மில்லி திரவத்தில் 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோடின் இருக்கக் கூடாது, குப்பியில் 2 மில்லிக்கு மேல் திரவம் இருக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள்.

இங்கே கள்ளத்தனமாக வரும் சரக்குக்கு அப்படி எந்த விதியும் கிடையாது. டப்பாவின் மேல் "5 சதவீதம்" என்று அச்சிட்டிருந்தால் 1 மில்லிக்குச் சுமார் 50 மில்லிகிராம் என்று பொருள். ஒரு சிகரெட்டிலிருந்து புகைப்பவர் உடம்பில் சேரும் நிகோடின் 1 முதல் 2 மில்லிகிராம்தான். அச்சிட்டதுதான் உள்ளே இருக்கிறதா என்பதற்கும் யாரும் ஜவாப்தாரி இல்லை. எடை போடாத மூட்டையையும் பிரித்துப் பார்க்காத ஏலக்காயையும் விலை பேசாத நாம், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத ஒரு குப்பியை மற்றவர் நெஞ்சுக்குள் இழுக்கக் கொடுக்கலாமா?

அமெரிக்காவில் 2019-ல் நடந்தது எச்சரிக்கையாக இருக்கட்டும். வேப் பிடித்தவர்களுக்கு நுரையீரல் பாதிக்கப்பட்டு, 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததாகவோ இறந்ததாகவோ பதிவாயிற்று. அவர்களில் 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த திரவத்தில் சேர்க்கப்பட்ட வைட்டமின் இ அசிடேட் என்ற பொருளே காரணமாகச் சொல்லப்பட்டது. அத்திரவங்களில் பல, நண்பர்கள் மூலமும் தெருவில் விற்பவர் மூலமும் வாங்கியவை. முறையான பில் இல்லாத சரக்கின் கதி அதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழக அரசு 2018-லேயே மின் சிகரெட்டுக்குத் தடை விதித்தது. 2019 செப்டம்பர் 18-ல் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அது நாடாளுமன்றத்தில் நிறைவேறி முழுச் சட்டமாயிற்று. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, போக்குவரத்து, விற்பனை, விநியோகம், இருப்பு வைத்தல், விளம்பரம் அத்தனையும் தடை. நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தடை. மின் ஹூக்காவுக்கும் தடை. "இதில் நிகோடின் இல்லை, வெறும் பழ வாசனைதான்" என்று சரக்கு கொண்டு வருபவர் சொல்வது சட்டத்தின் முன் நிற்காது.

தண்டனையைக் கவனமாகப் படியுங்கள். விற்றாலோ, ஏற்றி அனுப்பினாலோ, விளம்பரம் செய்தாலோ முதல் தடவைக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும் உண்டு. விற்காமல் இருப்பு வைத்திருந்தாலே 6 மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தெரிந்தே தன் இடத்தில் இருப்பு வைக்க விட்ட இடத்துச் சொந்தக்காரரும் இதில் அடங்குவார். கிட்டங்கியை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும். சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத போலீஸ் அதிகாரி கடைக்குள் வந்து சோதனை போடலாம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இந்தச் சட்டத்தில், உபயோகிப்பவருக்கு என்று தண்டனை எழுதப்படவில்லை. அதாவது வாங்கியவர் வீட்டுக்குப் போவார், விற்றவர் ஸ்டேஷனுக்குப் போவார். ஆபத்து முழுவதும் கல்லாவின் இந்தப் பக்கம்தான்.

மெட்டுக்கு அந்தப் பக்கம்

நம் கம்பம் பள்ளத்தாக்கு வியாபாரிகளுக்கு ஒரு தனிப் பழக்கம் உண்டு. மெட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம் என்று பார்த்துப் பழகியவர்கள் நாம். லாட்டரிச் சீட்டைத் தமிழ்நாடு 2003-ல் தடை செய்தது. குமுளியில் இன்றும் அது பகிரங்கமாக விற்கிறது. அந்த நினைப்பில், "கேரளாவில் ஓடுகிற சரக்குதானே, இங்கே வாங்கி அங்கே அனுப்பினால் என்ன?" என்று ஒருவர் எண்ணக்கூடும். மின் சிகரெட் விஷயம் லாட்டரி போன்றதல்ல. இது மத்தியச் சட்டம். கம்பத்திலும் குமுளியிலும் கட்டப்பனையிலும் ஒரே தண்டனைதான். ஏற்றி அனுப்புவதும் தனிக் குற்றம் என்பதால், பார்சல் ஆபீஸ் வைத்திருப்பவர்களும் லாரி, வேன் உரிமையாளர்களும் "யார் பெட்டியோ, எனக்கென்ன" என்று இருந்துவிடக் கூடாது. ஐயப்பன் சீசனிலும் கோடை விடுமுறையிலும் நம் ஊர் வழியாக வெளியூர் வாகனங்கள் ஆயிரக்கணக்கில் போகின்றன. கேட்பவர் கூடக்கூட, கொண்டு வந்து தருகிறேன் என்பவரும் கூடுவார்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வைப்பது நல்லது. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் மின் சிகரெட்டை வைத்திருப்பதும் உபயோகிப்பதுமே குற்றம். மயக்க மருந்து கலந்த திரவம் பரவியதால் 2025 செப்டம்பர் முதல் தண்டனையை அங்கே மேலும் கடுமையாக்கிவிட்டார்கள். அங்கிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ ஊருக்கு வரும்போது பெட்டியில் போட்டு வந்தால், நம் விமான நிலையச் சுங்கத்தில் பறிமுதலாகும்.

நியாயமான ஒரு கேள்வி

"சிகரெட் விற்கலாம், பீடி விற்கலாம், இது மட்டும் கூடாதா?" என்று நம்மில் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எரிகிற சிகரெட்டை விட இது தீங்கு குறைந்தது என்றுகூட இங்கிலாந்து அரசின் சுகாதாரத் துறை சொல்கிறது. 2023-ல் சிகரெட்டை விட விரும்புபவர்களுக்கு இலவசமாகவே கொடுக்கும் திட்டத்தையும் அங்கே அறிவித்தார்கள். இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஆனால் அதே இங்கிலாந்து, தூக்கி எறியும் வேப்பை 2025 ஜூன் 1 முதல் தடை செய்தது. சிறுவர்கள் கையில் அது போய்ச் சேர்ந்ததும், குப்பையாகக் குவிந்ததும் அதற்குக் காரணங்கள். சிகரெட்டை விடுவதற்காக வாங்குகிறவர் ஒருவர் என்றால், சிகரெட்டையே தொடாத பையன் மாம்பழ வாசனைக்காக ஆரம்பிப்பது இன்னொரு பக்கம். கள்ளச் சரக்கு விற்கும் கடையில் இவ்விருவரையும் பிரித்துப் பார்க்க வழியில்லை. சிகரெட் டப்பாவில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் இருக்கிறது, பதினெட்டு வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, பள்ளி கல்லூரியிலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது. கள்ளத்தனமாக வரும் குப்பிக்கு இதில் ஒன்றும் இல்லை. பார்ப்பதற்குப் பேனா போலவும் பென் டிரைவ் போலவும் இருப்பதால் அது பள்ளிப் பையில் இருந்தாலும் தகப்பனாருக்குத் தெரியாது.

சட்டம் சரியில்லை என்று கருதுபவர்கள் மனுக் கொடுக்கலாம், வழக்குப் போடலாம். அது அவர்கள் உரிமை. ஆனால் அந்த வாதத்தைக் கடை அலமாரியில் சரக்கை வைத்து நடத்த முடியாது.

லாபக் கணக்கு

சரக்கு கொண்டு வருபவர் பேச்சு எப்போதும் ஒன்றுதான். "சாம்பிளுக்கு அஞ்சு பீஸ் வெச்சுப் பாருங்க, வித்தா காசு குடுங்க." சிறு கடைக்காரருக்கு இது சக்கரை. முதல் போடாமல் லாபம், அதுவும் சிகரெட்டில் கிடைக்கும் கமிஷனைப் போல் பல மடங்கு. ஆனால் அவர் பில் தருவதில்லை. தரவும் முடியாது. பிடிபட்டால் சரக்கு யாருடையது என்று கேட்பார்கள். கொடுத்தவர் செல்போன் அணைந்திருக்கும். சரக்கு நம் கடையில் இருக்கும். ஐந்து பீஸில் கிடைக்கும் சில நூறு ரூபாய்க்காக வக்கீல் ஃபீசும், கோர்ட் நடையும், ஊர்ப் பேச்சும் சம்பாதிப்பது எந்த ஊர்க் கணக்கு? ஆழம் தெரியாமல் காலை விடுவது என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

வாடிக்கையாளரை வெறுங்கையாக அனுப்ப வேண்டாம்

நம்மிடம் கேட்பவர் உண்மையில் சிகரெட்டை விட நினைப்பவராக இருந்தால், "இல்லை" என்று மட்டும் சொல்லி அனுப்புவது நல்ல வியாபாரிக்கு அழகல்ல. நிகோடின் சூயிங்கம் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு அளவு உண்டு. அதை மிட்டாய் போல் விடாமல் மெல்லக் கூடாது. கொஞ்சம் மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தோரம் ஒதுக்கி வைத்து, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். எந்த அளவு, எத்தனை வாரம் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். இருதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. மத்திய அரசின் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356. கட்டணம் கிடையாது. இந்த எண்ணை ஒரு அட்டையில் எழுதி, சிகரெட் அடுக்கிய இடத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. முப்பது வருட வாடிக்கையாளர் இன்னும் முப்பது வருடம் நம் கடைக்கு அரிசி பருப்பு வாங்க வருவதுதான் நமக்கு லாபம்.

சங்கத்துக்குச் சில யோசனைகள்

1. பில் இல்லாத எந்தப் புதுச் சரக்கையும் சாம்பிளாகக்கூட வாங்குவதில்லை என்று அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் போடலாம்.

2. 2019 சட்டத்தின் சுருக்கத்தைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, செல்போன் கடை, ஃபேன்ஸி ஸ்டோர், பெட்டிக்கடை, பார்சல் ஆபீஸ்களுக்குக் கொடுக்கலாம். சங்கத்தில் சேராத சிறு கடைகளுக்கும் கொடுக்க வேண்டும். அவர்களுக்குத்தான் இது தெரியாது.

3. கடையில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் விவரத்தைச் சொல்லி வைக்க வேண்டும். முதலாளி இல்லாத நேரத்தில் வாங்கி வைத்த சரக்குக்கும் முதலில் விசாரிக்கப்படுபவர் முதலாளிதான்.

4. யாரிடமாவது தெரியாமல் பழைய சரக்கு தங்கியிருந்தால், ஒளிக்கவும் வேண்டாம், அடுத்தவர் தலையில் கட்டவும் வேண்டாம். சட்டம் வந்தபோது கையில் இருந்த சரக்கைப் பட்டியல் போட்டு அதிகாரம் பெற்ற அதிகாரியிடம் தாமதமின்றி ஒப்படைக்கச் சட்டத்திலேயே வழி சொல்லப்பட்டிருந்தது. இப்போது காலம் கடந்துவிட்டதால் வக்கீலைக் கலந்துகொண்டு ஒப்படைப்பதே உத்தமம்.

"புதுசா ஆரம்பிக்க எது நல்லது?" என்று கேட்கும் தம்பிக்கு ஒரே பதில் போதும்: "இந்தச் சரக்கு நம்ம கடையில கிடையாதுப்பா. ஆரம்பிக்காம இருக்கிறதுதான் நல்லது." இதைச் சொல்வதால் அன்றைய கல்லாவில் சில ரூபாய் குறையலாம். இரவு ஷட்டரை இறக்கிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.