மோட்டாரைக் கேட்காதீர், காற்றைக் கேளுங்கள்

நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். மழை பெய்த சில ஆண்டுகளில் மத்திய அரசு தளர்வு தந்தது உண்டு. அதை நம்பியா அறுவடை செய்வது? அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், திட்டக்குடி வட்டாரத்தில் நெல்லையும் மக்காச்சோளத்தையும் தார்ச் சாலையில்தான் கொட்டுகிறோம்.

எனவே உலர்த்தும் இயந்திரம் வேண்டும் என்ற பேச்சு எழுந்திருப்பது நல்லதே. ஆனால் வாங்கப் போகிறவர்கள் மோட்டார் எத்தனை குதிரைச் சக்தி என்று கேட்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஈரத்தை வெளியே சுமந்து செல்வது காற்று. நிமிடத்துக்கு எத்தனை கன அடிக் காற்று நெல்லுக்குள் புகுகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 22 சதவீத ஈரமுள்ள ஒரு டன் நெல்லை 17-க்குக் கொண்டுவர 60 கிலோ தண்ணீர் வெளியேற வேண்டும். மழைக்காலக் காற்றைச் சுமார் 40 டிகிரிக்குச் சூடாக்கினாலும், ஒரு கன அடிக் காற்று ஏறத்தாழ 0.1 கிராம் ஈரத்தைத்தான் எடுத்துச் செல்லும். அப்படியானால் 6 லட்சம் கன அடிக் காற்று தேவை. எட்டு மணி நேரத்தில் வேலை முடிய நிமிடத்துக்கு 1,250 கன அடி வர வேண்டும்.

இதை அளப்பது கடினமல்ல. காற்றுக்குழாயின் பரப்பைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் போதும். ஒன்றரை அடி அகலம், ஓரடி உயரமுள்ள குழாயின் பரப்பு ஒன்றரைச் சதுர அடி. வேகம் நிமிடத்துக்கு 800 அடி என்றால் 1,200 கன அடி. வட்டக் குழாயானால் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, மீண்டும் 0.785-ஆல் பெருக்குங்கள். நடுவில் மட்டும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். ஓரத்தில் வேகம் குறைவு. வளைவுக்கும் விசிறிக்கும் தள்ளி, நேரான பகுதியில் பல இடங்களில் அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

முக்கியமாக, நெல்லைக் கொட்டிய பிறகு அளக்க வேண்டும். காலித் தொட்டியில் விசிறி வீராப்பாகத்தான் வீசும்! நெல்லின் ஆழம் கூடக்கூடக் காற்று குறையும். மேற்சொன்ன 1,200 கன அடி இயந்திரத்தை, எட்டு மணியில் இரண்டு டன் காய்க்கும் என்று ஒருவர் விற்றால் நம்பாதீர்கள். காற்றுப் பற்றாக்குறையைச் சரிக்கட்டச் சூட்டைக் கூட்டினால் அரிசி வெடித்து நொய்யாகும். விதைநெல்லில் முளைப்பும் போகும்.

மானியத்தில் இயந்திரம் தரும்போது, நெல் நிரப்பிய நிலையில் அளந்த காற்றளவைத் தகட்டில் பொறித்திருக்க வேண்டும் என்பதை அரசு நிபந்தனையாக்க வேண்டும் என்பது என் கருத்து. காற்றுவேகமானி ஒன்றைக் கூட்டுறவுச் சங்கம் வாங்கி வைக்கலாம். மோட்டார் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவே அல்ல.